அத்தோ பிசையும் கைகள்

பர்மிய நூடுல்ஸ் கலவையான அத்தோவை விற்கும் வண்டி தெருவுக்கு வருவது மாலையில்தான். வேலை மட்டும் பகல் பன்னிரண்டு மணிக்கே வீட்டுப் பின்கட்டில் தொடங்கிவிடுகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் பார்க்கப் போன கடைக்காரர் வீட்டில், அகலமான தாம்பாளங்களில் வெங்காயச் சீவல்கள் உலர்ந்துகொண்டிருந்தன. ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் வெங்காயம் வதங்குமே தவிர மொறுமொறுப்பாகாது. கடைக்காரரின் மனைவி தீயை அடக்கிவைத்து, ஜல்லிக்கரண்டியால் விடாமல் கிளறிக்கொண்டிருந்தார்.

“நல்லா செவக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணும் சார். எடுத்து வச்ச பொறவும் அதுவா செவக்கும். சட்டியிலயே செவக்க விட்டா தட்டுல கசக்கும்” என்றார்.

அடுத்து பூண்டு. அது இன்னும் நுணுக்கம். கண்ணை எடுத்தால் கருகிவிடும். பூண்டு வறுத்த எண்ணெயைக் கீழே கொட்டுவதில்லை. அத்தோவின் மணம் பெரும்பாலும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. இந்த அடுப்படி வேலையைத் தெருவில் நின்று சாப்பிடுகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை. பெயர் வண்டியில் பிசைகிறவருக்குப் போய்விடுகிறது. தொழிலில் பாதி இந்தப் பெண்களுடையது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கடைக்காரரின் அப்பா பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். அந்த ஊரிலிருந்து தமிழர்கள் இரண்டு முறை பெயர்ந்து வந்திருக்கிறார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபின் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். ஏராளமானோர் காட்டிலும் மலையிலும் நடந்தே அஸ்ஸாம், மணிப்பூர் பக்கம் வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களுக்கும், போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கும் 1962இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்ததும் சோதனை வந்தது. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. சேமிப்பெல்லாம் போய், சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு ஊர் ஊராக பர்மா காலனிகள் எழுந்தன. கையில் முதல் இல்லாதவர்கள், தெரிந்த சமையலையே தொழிலாக்கினார்கள். சென்னை பர்மா பஜார் ஓரம் தொடங்கிய கடைகள் விழுப்புரம், புதுச்சேரி, கடலூர் என்று பரவின.

வந்த உணவு அப்படியே நிற்கவில்லை. பர்மாவில் மொகிங்கா என்பது மீன் குழம்பு. கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் சேர்ந்து கொதிப்பது. இங்கே மீன் போய்விட்டது, தண்டு தங்கிவிட்டது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீனுக்குப் பஞ்சமில்லையே என்று கேட்டேன். “மீன் போட்டா பாதிப் பேரு பக்கத்துல வரமாட்டாங்க. எல்லாரும் சாப்புடற மாதிரி இருக்கணும்னு எங்க தாத்தா காலத்துலயே விட்டுட்டாங்க” என்றார் கடைக்காரர். தண்டு ராமாபுரம் பக்கத்து வாழைத் தோப்புகளிலிருந்து வருகிறது. காற்று அடித்து வாழை சாய்ந்த வாரங்களில் தண்டு மலிவு. அதற்காக மகிழ முடிவதில்லை என்று அவர் சொன்னபோது குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

மாலை ஆறரைக்கு வண்டியருகே நின்றேன். வேகவைத்து எண்ணெய் தடவி ஆறவிட்ட தடித்த நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லியதாகச் சீவிய முட்டைகோஸ் ஒரு பிடி, பச்சை வெங்காயம். அதன்மேல் வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பொட்டுக்கடலை மாவு. புளித்தண்ணீர் பின்னால்தான். முதலிலேயே ஊற்றினால் மாவு கட்டிதட்டிவிடும். கை கிண்ணத்தின் அடிக்குப் போய், கிள்ளாமல், நசுக்காமல், இழைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடைசியில் பேஜோ என்னும் மொறுமொறு தட்டையை நொறுக்கியதும் கொத்தமல்லியும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாயில் வைத்ததும் முதலில் புளிப்பு, பிறகு பூண்டு, அப்புறம்தான் காரம். நடுநடுவே பேஜோ நொறுங்குகிறது. பக்கத்தில் மிளகு மணக்கும் வாழைத்தண்டு சூப். கேட்டால் இன்னொரு கரண்டி ஊற்றுகிறார்கள், அதற்குக் காசில்லை.

தாய்லாந்து, லாவோஸ் உணவகங்களில் சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சுவை சட்டென்று பிடிபடும். அங்கே பச்சைப் பப்பாளியை உரலில் மிளகாயோடு இடித்து, எலுமிச்சையும் மீன் சாறும் சேர்ப்பார்கள். புளிப்பு, உப்பு, காரம் மூன்றையும் பச்சைக் காய்மேல் ஒரே நேரத்தில் ஏற்றி, அந்தக் கணமே சாப்பிடத் தரும் முறை அது. உரல் இருந்த இடத்தில் இங்கே கை; எலுமிச்சையின் இடத்தில் பெரும்பாலும் புளி. ஆகவே அத்தோவைத் துரித உணவு வரிசையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த ஆள் தட்டுக்கு உப்பை மாற்றிப் போடத் தெரிந்த கைவினை இது.

சிதம்பரத்தில் பார்த்த கடை வேறு மாதிரி. சம்பா சாதத்துக்கும் கத்தரிக்காய் கொத்சுவுக்கும் பேர்போன ஊர். கூட்டத்தில் பெரும்பகுதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள். பிசைகிற தம்பிக்கு பர்மாவோடு எந்த உறவும் இல்லை. கொள்ளிடக்கரைக் கிராமத்துப் பையன். சென்னையில் ஒரு கடையில் தட்டு கழுவச் சேர்ந்து தொழில் கற்றவன். தில்லை என்ற இந்தச் சிதம்பரத்தில் இருந்துகொண்டு கடலுக்கு அப்பாலுள்ள கரையை அந்நியமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை பாங்காக் அரசவைப் பிராமணர்களின் சடங்கில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவருகிறது. கடல் எப்போதும் இருபக்க வழியாகவே இருந்திருக்கிறது.

தம்பியின் நூடுல்ஸ் வெளிர் நிறம். பல கடைகளில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சாயம் உண்டு. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டபின், மாணவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்களாம். “கலர் இல்லாமப் போட்டா முதல்ல யாரும் வாங்கல சார். இப்ப இதைத்தான் கேக்கறாங்க” என்றான். சாயத்தால் ருசி கூடுவதில்லை; எல்லாக் கடைகளும் அதை விட்டுவிட வேண்டும்.

கையுறை அவனுக்குப் பெரிய மாற்றம். சுத்தம் என்று வாடிக்கையாளர் விரும்புகிறார்கள், அது நியாயம். முன்பு புளியும் மிளகாயும் பட்டு இரவெல்லாம் எரிந்த விரல்களுக்கும் அது நல்லது. ஆனால் எண்ணெய் போதுமா என்பது கையுறைக்குள் தெரிவதில்லை என்பதால், இப்போது கரண்டிக் கணக்கில் அளந்து ஊற்றப் பழகியிருக்கிறான்.

அவனை அலைக்கழிப்பது மழை. ஐப்பசி, கார்த்திகையில் வண்டி இறங்காத நாட்களுக்குக் கூலி இல்லை. வெந்த நூடுல்ஸ் மறுநாளைக்கு ஆகாது. எத்தனை கிலோ வேகவைப்பது என்பதை மதியம் மூன்று மணிக்கே முடிவு செய்தாக வேண்டும். வேகவைத்த பிறகு மழை பிடித்தால் முதலாளிக்கு நட்டம், அடுத்த நாள் சரக்கில் பாதிதான். நான் போன அன்று வானம் மூடியிருந்தது. பாதிதான் வேகவைத்திருந்தார்கள்; எட்டு மணிக்குள் தீர்ந்து, பின்னால் வந்த மாணவர்களுக்கு முட்டை மசாலாவும் சூப்பும் மட்டும் கொடுத்தான்.