பழைய ஆர்கான் மெஷின் வாங்குவோருக்கு

டிக் வெல்டிங்கில் உருகாத டங்ஸ்டன் ஊசியின் நுனிக்கும் வேலைப் பொருளுக்கும் இடையில் ஆர்க் எரிகிறது. ஊசியைச் சுற்றியுள்ள பீங்கான் கப்பின் வழியே ஆர்கான் வாயு இறங்கி, உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்கிறது. ராடு வெல்டிங்கில் வெப்பமும் நிரப்பும் உலோகமும் ஒரே ராடிலிருந்து வருகின்றன. இங்கே வெப்பம் ஒரு கையில், ஃபில்லர் கம்பி மறு கையில். மெல்லிய எவர்சில்வர் தகட்டையும் துளை விழாமல் ஒட்ட முடிவது இதனால்தான். பழக நாளாவதும் இதனால்தான். 1941 வாக்கில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் மக்னீசிய விமானப் பாகங்களுக்காக இம்முறையை உருவாக்கியபோது காப்பு வாயுவாக ஹீலியம் பயன்பட்டது. காற்றைவிடக் கனமான ஆர்கான் பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இன்று தொழிலின் பெயரே ஆர்கான் வெல்டிங்தான்.

இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்க்க ஏற்ற இடம் திருச்சிக்குக் கிழக்கேயுள்ள திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரம். 1960-களில் பெல் பாய்லர் தொழிற்சாலை வந்தபின், அதற்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே பெருகின. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. பாய்லர் குழாய் இணைப்பின் அடி ஓட்டமான ரூட்டை டிக் முறையில் போட்டு, அதன்மேல் ராடு கொண்டு நிரப்புவது வழக்கம். உயர் அழுத்த நீராவியைத் தாங்க வேண்டிய இணைப்பு என்பதால், 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிமுறைகளின்படி தேர்வில் தேறிய வெல்டர்தான் அதில் கைவைக்கலாம். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிட்டு, வெல்டர் அதைச் சுற்றிவந்து வெல்டு செய்வது சிக்ஸ் ஜி தேர்வு. பக்கத்துக் குழாய்கள் நெருங்கியிருந்து பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் சிறு கண்ணாடியை நிறுத்தி, பிம்பத்தைப் பார்த்தே வெல்டு செய்கிறார்கள். அதைச் செய்பவரின் பொறுமை பார்ப்பவரையும் மூச்சடக்க வைக்கும்.

கைவேலையைக் கவனித்தால் மெஷினிடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது புரியும். வெல்டர் முதலில் மணிக்கட்டை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, ஆர்க் இல்லாமலே டார்ச்சை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். சுவிட்சை அழுத்தியதும் ‘டக்’ என்று வாயு வால்வான சோலனாய்டு திறக்கிறது, வாயு சீறுகிறது, அதன் பிறகே ஆர்க் பற்றுகிறது. ஊசி நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் அளவில் நிற்கிறது. உலோகம் பளபளவென்று ஒரு சிறு குளமாகத் திரண்டதும் இடக்கையின் கட்டைவிரல் ஃபில்லர் கம்பியைக் கொஞ்சம் முன்தள்ளுகிறது. கம்பி குளத்தைத் தொட்டுவிட்டு விலகுகிறது. ஆனாலும் அதன் நுனி ஆர்கான் போர்வையை விட்டு வெளியே வருவதில்லை. முடிவில் மின்னோட்டம் மெல்லக் குறைய, ஆர்க் அணைந்த பின்னும் டார்ச் அதே இடத்தில் சில வினாடி நிற்கிறது. பின்வாயு ஓடி முடியும்வரை அவர் கையை எடுப்பதில்லை. எவர்சில்வரில் தையல் வைக்கோல் பொன்னிறமாகவோ இளநீலமாகவோ இருந்தால் காப்பு நன்றாக இருந்தது என்று பொருள். சாம்பல் நிறமானால் வெப்பம் மிஞ்சிவிட்டது அல்லது வாயு போதவில்லை. முன்வாயு, எளிதில் பற்றும் ஆர்க், நிதானமான இறக்கம், பின்வாயு ஆகிய நான்கும் ஒழுங்காக நடந்தால் பழைய மெஷினும் நல்ல மெஷினே.

வாங்குமுன் முடிவு செய்ய வேண்டியது, எந்த உலோகத்தில் வேலை என்பது. இரும்பு, எவர்சில்வர், செம்பு ஆகியவற்றுக்கு டி.சி. போதும். டார்ச் மைனஸில் இருக்கும், வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் வேலைப் பொருளில் இறங்கும், ஊசி தாக்குப்பிடிக்கும். அலுமினியம் வேறு. அது 660 டிகிரியில் உருகிவிடும். அதன்மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். ஏ.சி. மின்சாரத்தின் ஒரு பாதிச் சுற்று அந்தத் தோலைப் பிய்த்தெறிகிறது, மறு பாதி உலோகத்தை உருக்குகிறது. எனவே அலுமினிய வேலைக்கு ஏ.சி./டி.சி. மெஷின் வேண்டும், அதன் விலை, டி.சி. மட்டும் உள்ளதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகும். என்றைக்காவது அலுமினியம் செய்யலாம் என்ற நினைப்பில் கையிருப்பு முழுவதையும் ஏ.சி./டி.சி.யில் போடுவதைவிட, டி.சி.யில் கையைப் பழக்குவதே மேல். இன்னும் சிக்கனமான வழியும் உண்டு. ஏற்கெனவே இன்வெர்ட்டர் ராடு மெஷின் வைத்திருப்பவர், கைப்பிடியிலேயே வாயு வால்வு உள்ள டார்ச்சை அதில் மாட்டிப் பழகலாம். ஊசியைத் தகட்டில் உரசித்தான் ஆர்க் பற்றவைக்க வேண்டும், அதனால் நுனி அடிக்கடி கெடும், இறக்கமும் இருக்காது. என்றாலும் குளத்தைப் பார்க்கக் கற்க அது போதும்.

பழைய மெஷின்கள் இரண்டு இனம். டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஆள் தூக்க முடியாத கனம், மின்சாரமும் நிறைய குடிக்கும். ஆனால் உள்ளே செம்பும் இரும்புமே பெரும்பகுதி. கெடுவதும் குறைவு, கெட்டால் உள்ளூர் வைண்டிங்காரரே சரிசெய்வார். இன்வெர்ட்டரை ஒரு கையில் தூக்கலாம், சிங்கிள் ஃபேஸில் ஓடும். அதன் உயிர் முழுவதும் மின்னணு போர்டில் இருக்கிறது. கிரைண்டிங் நடக்கும் பட்டறையில் விசிறி இழுக்கும் இரும்புத் தூள் அந்தப் போர்டில் படிந்து, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்தால் ஷார்ட் ஆகும். இன்வெர்ட்டர் வாங்குபவர் அந்தக் கம்பெனியின் போர்டு கிடைக்கிறதா, அதைப் பழுதுபார்ப்பவர் பக்கத்து ஊரிலாவது இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே விலை பேச வேண்டும். பெயரே தெரியாத கம்பெனியின் மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், போர்டு போனால் அதை எடைக்குத்தான் போட முடியும்.

மெஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் தகடு பலரும் படிக்காமல் விடுவது. அதில் டூட்டி சைக்கிள் இருக்கும். 200 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஆர்க் எரியலாம், நான்கு நிமிடம் ஆற வேண்டும். அந்தக் கணக்கில் ஓய்வில்லாமல் ஓடக்கூடியது சுமார் 155 ஆம்பியர். தகடு பிய்க்கப்பட்டிருந்தாலோ, சிறு பெட்டியின் முகப்பில் பெரிய எண் மட்டும் அச்சிட்டிருந்தாலோ அந்த எண்ணை நம்பக் கூடாது. மூடியின் ஸ்குரூக்களும் கதை சொல்லும். தலை தேய்ந்து, ஒன்றிரண்டு காணாமல் போயிருந்தால் மெஷின் பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்க விற்பவர் சம்மதித்தால், பிளக்கைப் பிடுங்கி நெடுநேரம் விட்ட பிறகே திறக்க வேண்டும்; கெபாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். உப்பிய கெபாசிட்டர், கருகிய தடம், புதிதாகச் சூடுவைத்த ஈயம் ஆகியவற்றை உள்ளே தேட வேண்டும்.

ஆர்க் ஏற்றிப் பார்க்காமல் பழைய மெஷினுக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது. சோதனைக்குப் போகும்போது இரண்டு மில்லிமீட்டர் எவர்சில்வர் துண்டு, புதிதாகக் கூர்தீட்டிய ஊசி, கூடவே ஆர்கான் வேலை தெரிந்த ஒருவர் வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு ஆர்க் தடுமாறினால் தன் கை காரணமா மெஷின் காரணமா என்று தெரியாது. தேர்ந்த வெல்டர் பற்றவைத்த உடனே சொல்லிவிடுவார். அவருடைய அரைநாள் கூலி, இந்தக் கொள்முதலில் தயங்காமல் செய்ய வேண்டிய செலவு.

எச்.எஃப். (ஹை ஃப்ரீக்வென்சி) பற்றவைப்பு உள்ள மெஷினானால், ஊசி தகட்டைத் தொடாமலே பொறி தாவிப் பற்ற வேண்டும். மின்னோட்டத்தைப் 15, 20 ஆம்பியர் வரை இறக்கியும் ஆர்க் நுனியில் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். களைத்த மெஷின் இங்கேதான் தெரியவரும். பிறகு 120 ஆம்பியருக்கு ஏற்றி, தகடு சொல்லும் டூட்டி சைக்கிள் அளவுக்கு விடாமல் எரிக்க வேண்டும். சூட்டு எச்சரிக்கை விளக்கு அதற்கு முன்பே எரிந்தாலோ, விசிறி முனகினாலோ, வார்னிஷ் கருகும் வாடை வந்தாலோ பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் டிஸ்பிளே காட்டும் எண்ணும் கேபிளில் ஓடும் மின்னோட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடலாம். ஏ.சி. உள்ளதானால் அலுமினியத் துண்டில் ஓட்டியே தீர வேண்டும். தையலின் இருபுறமும் வெளுத்த பட்டை விழுந்து, நடுவில் குளம் பளிச்சென்று இருந்தால் ஏ.சி. வேலை செய்கிறது, குளம் அழுக்குத் தோலுக்குள் உருண்டுகொண்டிருந்தால் இல்லை. கடைசியாக ஊசியைப் பார்க்க வேண்டும். வெள்ளிபோல் இருந்தால் பின்வாயு போதுமானது. நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் சோலனாய்டிலோ ஹோஸிலோ கோளாறு. சோப்பு நீரைத் தடவினால் ஹோஸ் ஒழுகும் இடம் குமிழிடும்.

டார்ச் தேயும் பொருள். பழையதோடு வருவதை விலையில் சேர்க்கத் தேவையில்லை. 17 எண் டார்ச் 150 ஆம்பியரும், 26 எண் டார்ச் 200 ஆம்பியரும் தாங்கும். இரண்டும் காற்றில் ஆறுபவை, கப்பும் ஊசியைப் பிடிக்கும் காலட்டும் பெரும்பாலான வெல்டிங் கடைகளில் கிடைக்கும். தண்ணீர் ஓடும் டார்ச் தொடக்கத்தில் வேண்டாம்.

உண்மையான செலவு சிலிண்டரிலிருந்து தொடங்குகிறது. 7 கன மீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று திறந்தால் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரம் ஆர்க் எரியும். கற்கும்போது முன்வாயு, பின்வாயு, கசிவு எல்லாம் சேர்ந்து அது இன்னும் சீக்கிரம் தீரும். தூய ஆர்கான்தான் வேண்டும். மிக் வெல்டிங்குக்குக் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு கலவையை மாட்டினால் ஊசி நொடியில் எரிந்து கெடும். சிலிண்டர் வாங்கும்போது கழுத்தில் பொறித்த அழுத்தச் சோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். தேதி தாண்டிய உருளையை நிரப்பித் தரமாட்டார்கள். பழைய சிலிண்டரை யாரிடமோ வாங்குவதைவிட, வாயு நிரப்பும் ஏஜென்சியிலேயே டெபாசிட் கட்டி எடுப்பது தொந்தரவில்லாதது.

மின்சாரத்தில், 100 ஆம்பியர் வரை எரிக்க நல்ல வயரிங் உள்ள 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 200 ஆம்பியருக்குத் தனி எம்.சி.பி.யும் தடித்த வயரும் முறையான எர்த்தும் தேவை. வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இந்த வெல்டிங்கில் புகை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவென்று எண்ணுவது தவறு; அந்த எண்ணம் பட்டறைகளில் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது. மறைக்கும் புகை இல்லாததால் புற ஊதாக் கதிர் தோலில் நேரே விழுகிறது. மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் ஹெல்மெட் நல்லதாக இருக்க வேண்டும். உடம்பை மூடிய பருத்திச் சட்டை, மெல்லிய தோல் கையுறை இரண்டும் கட்டாயம். எவர்சில்வர் புகையில் குரோமியம் கலந்திருக்கும். சிவப்பு முனையுள்ள ஊசியில் தோரியம் இருக்கிறது. அது கதிரியக்கப் பொருள், தீட்டும் தூளைச் சுவாசிக்கக் கூடாது. லாந்தனம் சேர்த்த தங்க நிற, நீல நிற ஊசிகள் அதே வேலையைச் செய்கின்றன; தொடக்கத்திலிருந்தே அவற்றை வாங்கலாம். ஆர்கானுக்கு மணமில்லை; தொட்டிக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் அடியில் தேங்கி ஆக்சிஜனை விரட்டிவிடும். அத்தகைய இடத்தில் தனியாக இறங்கவே கூடாது. குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த பாகத்தின் அருகே ஆர்க் எரித்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்; அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தில் பாதியை மட்டும் மெஷினுக்கு ஒதுக்குவது நல்லது. மறு பாதி டார்ச், ரெகுலேட்டர், சிலிண்டர் டெபாசிட், ஹெல்மெட், ஊசி, ஃபில்லர், பழகுவதற்கான தகட்டுத் துண்டுகள் ஆகியவற்றுக்குச் சரியாகப் போய்விடும். எச்.எஃப். உள்ள, போர்டு கிடைக்கக்கூடிய கம்பெனியின் 200 ஆம்பியர் டி.சி. இன்வெர்ட்டர், இப்போதும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையிலிருந்து கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஓடும் மெஷினைக் கண்முன்னே சோதிக்க முடியும், யார் ஓட்டினார் என்றும் கேட்க முடியும். சோதிக்க விடாதவரிடம், எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.