தொடைச்சந்தும் ஒரு மகளின் நடையும்



இந்த வாரம் நான் உங்களுக்குப் போதிக்க வரவில்லை. ஒரு தவறை அறிக்கையிட வந்திருக்கிறேன்.

நமது ஊத்தங்கரைச் சபையில் ஒரு மகள் உண்டு. அவளுடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். முழு ஷிப்டும் நின்றுகொண்டே செய்கிற வேலை. வாரக் கடைசியில் பேருந்தை விட்டு இறங்கும்போது வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். தொடையிடுக்கில் வலி என்பாள். வரன் தேடுகிற நேரத்தில் இது வெளியே தெரியக் கூடாதே என்று தாயார் கலங்கினார். நானோ வீட்டு ஜெபத்தில் அவள் தலைமேல் கைவைத்து, “பொறுத்துக்கொள் மகளே, யாக்கோபும் நொண்டி நொண்டித்தான் நடந்தான்” என்றேன். “சரிங்க ஐயா” என்றாள். இப்படி இரண்டு வருடங்கள் கடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழங்கால்படியிட்ட அந்த மகளால் திரும்ப எழுந்திருக்க முடியவில்லை. சபையிலுள்ள செவிலியர் சகோதரி ஒருவர் ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, “ஜெபம் பண்ணினீங்க ஐயா, சரி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரமே திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் புறப்பட்டோம்.

எலும்பு மருத்துவர் படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். நமது இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. கிண்ணம் அந்தத் தலையை எவ்வளவு மூடுகிறது என்பதை ஒரு கோணமாக அளக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு அது 25 பாகையோ அதற்கு மேலோ இருப்பது இயல்பு. 20 பாகைக்குக் கீழே போனால் குறைபாடு. இந்த மகளுக்கு 14 பாகைதான் இருந்தது. பிறப்பிலும் வளர்ச்சியிலும் உண்டாகிற இந்தக் குறையை ஹிப் டிஸ்ப்ளேசியா என்கிறார்கள். உடலின் பாரம் முழுவதும் கிண்ணத்தின் குறுகிய விளிம்பில் விழ, அங்குள்ள குருத்தெலும்பு நாளுக்கு நாள் தேய்கிறது. “பொறுத்துக்கொள்” என்று நான் சொன்ன ஒவ்வொரு வாரமும் அது தேய்ந்துகொண்டிருந்தது.

பச்சிளங் குழந்தையிடம் இதைக் கண்டுபிடித்தால், கால்களை அகட்டிப் பிடிக்கும் வார்ப்பட்டையே பெரும்பாலும் போதும். வளர்ந்தபின் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற மருத்துவர் 1984ஆம் ஆண்டு செய்யத் தொடங்கிய முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, அதை விடுவித்து, தலையை நன்றாக மூடும்படி திருப்பி, ஸ்குரூக்களால் பொருத்துகிறார்கள். இடுப்பெலும்பின் பின்தூணை வெட்டாமல் விடுவதால் இடுப்பு தன் உறுதியை இழப்பதில்லை. செயற்கை மூட்டு எதுவும் வைப்பதில்லை. அவளுடைய சொந்த மூட்டுதான், சரியான திசையில் திருப்பப்படுகிறது.

இது எளிய காரியமல்ல. இரத்த இழப்பு, நரம்புப் பாதிப்பு, தொடையில் மரத்துப்போன உணர்வு ஆகியவை நேரலாம். பல வாரங்கள் ஊன்றுகோலோடு, காலில் முழுப் பாரமும் வைக்காமல் நடக்க வேண்டும். பேர்னில் முதன்முதலாகச் சிகிச்சை பெற்ற 75 மூட்டுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் காக்கப்பட்டிருந்தன. இளவயதில், தேய்மானம் மிகுவதற்கு முன் வந்தவர்களுக்கே பலன் அதிகமாயிருந்தது. குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்துவிட்டால் செயற்கை மூட்டு ஒன்றே வழியாகும்.

“இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை” என்றார் மருத்துவர். சிகிச்சை நடந்தது. ஊன்றுகோலோடு இருந்த நாட்களில் ஒருமுறை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க ஜெபிச்சது வீணாப் போகலைங்க ஐயா, ஆனா முன்னாடியே அனுப்பி வெச்சிருக்கலாம்” என்றாள். அந்த வார்த்தையை இன்னும் சுமக்கிறேன்.

பிரியமானவர்களே, யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபின் தொடைச்சந்தைத் தொட்டவர் அவனை ஆசீர்வதித்தே அனுப்பினார். அவனுடைய நொண்டல் தேவனைச் சந்தித்ததின் அடையாளம். இந்த மகளின் நொண்டலோ சரியாக வளராத கிண்ணத்தினால் வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, திருத்தக்கூடிய வேதனைக்குச் சிலுவை என்று பெயரிட்டேன். சிலுவை நாம் மனமுவந்து எடுத்துக்கொள்வது. பிறன் தோளில் நாம் ஏற்றிவைப்பது அல்ல.

இது நம் சபைகளுக்குப் புதிய பாடமும் அல்ல. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். 1946இல் அங்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். அவர்கள் ஜெபித்தார்கள், கத்தியையும் கையில் எடுத்தார்கள். இரண்டும் ஒரே ஊழியமாயிருந்தது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை தொடையிடுக்கு வலி என்றாலோ, சாய்ந்து நடந்தாலோ, “வயசுக்கு வர்ற வலி” என்று தள்ளிவிடாதிருங்கள். குழந்தை தலைகீழாய்த் திரும்பாமல் பிறந்திருந்தாலும், குடும்பத்தில் இக்குறை முன்னரே இருந்தாலும், மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். பெண் குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. கைக்குழந்தையின் கால்களை நீட்டி இறுகச் சுற்றாதிருங்கள். நம் தாய்மார் பிள்ளையை இடுப்பில் கால் அகட்டி வைத்துத் தூக்கும் வழக்கம் நல்லது. வரனுக்காக நோயை மறைக்காதிருங்கள். செலவுக்கு அஞ்சினால் முதலில் என்னிடம் வாருங்கள். காப்பீட்டு அட்டையோடு சேர்ந்தே விசாரிப்போம்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, பிறர் வேதனைக்கு நான் அவசரமாய்ச் சொன்ன ஆறுதலை மன்னியும். கேட்கிற செவியையும், காலதாமதமின்றி எழுந்து போகிற கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.