640-க்கு மேல் எட்டாத கணினி

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்தாலும் கூடலூருக்கு அது இல்லாத கணக்குதான். அதற்குக் கீழே உள்ளதை தேக்கடி வழியாக லோயர் கேம்ப்புக்கு இறக்க முடியாது. 1980-களின் பர்சனல் கம்ப்யூட்டரும் இதே சிக்கலில்தான் இருந்தது. நான்கு மெகாபைட் ரேம் போட்ட இயந்திரம்கூட மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றுவிடும். சரக்கு இருந்தது, எட்டுவதற்கு வழி இல்லை. டாஸ் புரோகிராம்களைக் கட்டிப்போட்ட அந்த 640 கிலோபைட் எல்லையை வகுத்தது யார் என்று தேடப் போனால், எல்லோரும் முதலில் கைகாட்டுவது பில் கேட்ஸை. 640 யாருக்கும் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. எங்கே, எப்போது சொன்னார் என்பதற்கு யாரும் சான்று காட்டியதில்லை. 1996-ல் தன் பத்திரிகைப் பத்தியில் அவரே அதை மறுத்தார்.

எனக்குக் கிடைக்கும் தடயங்கள் ஐபிஎம்மின் மெமரி வரைபடத்துக்கே இட்டுச் செல்கின்றன. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல் 8088. அதற்கு முகவரிக் கம்பிகள் இருபது. ஆகவே அதனால் எட்ட முடிந்தது ஒரு மெகாபைட். அதில் மேலிருந்த 384 கிலோபைட்டைத் திரைக்கும் ரோம் (ROM) சில்லுகளுக்கும் இணைப்பு அட்டைகளுக்கும் ஐபிஎம் ஒதுக்கியது. மீதிதான் 640. எல்லை சில்லிலேயே இருந்தது, ஐபிஎம்மைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். அதே 8088-ஐ வைத்து எம்எஸ்-டாஸ் ஓட்டிய சிரியஸ் 1 இயந்திரத்தில் 896 கிலோபைட் வரை ரேம் போட முடிந்தது. அப்படியானால் 640 என்பது சில்லும் விதித்ததல்ல, டாஸும் விதித்ததல்ல. ஆனாலும் ஐபிஎம் பொறியாளர்களைக் குறுகிய பார்வைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகள் பொதுவாக 64 கிலோபைட்டில் ஓடியவை. அதைப் போலப் பத்து மடங்கு கொடுத்தவர்களைக் கஞ்சர்கள் என்பது நியாயமல்ல. எல்லையை இறுக்கியது பிறகு வந்த சந்தை. புரோகிராம்கள் திரை மெமரியின் முகவரியில் நேரடியாக எழுதின. காம்பாக் போன்ற நகல் இயந்திரங்கள் அந்த முகவரிகள் மாறாது என்ற உறுதியின் மேல்தான் விற்றன. அதன் பிறகு யாராலும் அந்த வரைபடத்தைத் தொட முடியவில்லை.

தொட முடியாததைச் சுற்றிப் போகப் பிறந்தவையே மெமரி மேலாண்மை மென்பொருள்கள். 1985-ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, மேல்பகுதியில் 64 கிலோபைட் சன்னல் ஒன்றைத் திறந்து, அதன் வழியே கூடுதல் ரேமைத் துண்டு துண்டாகக் காட்டும் முறையை வகுத்தன. 386 சில்லு வந்ததும், 384-க்குள் காலியாகக் கிடந்த இடுக்குகளில் ரேமைப் பொருத்திக் காட்டுவது சாத்தியமானது. குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் க்யூஇஎம்எம், குவாலிட்டாஸின் 386மேக்ஸ் இரண்டும் இதில் பேர்போனவை. 1990-ல் டிஆர் டாஸ் 5-உம் 1991-ல் எம்எஸ்-டாஸ் 5-உம் இந்த வித்தையைத் தமக்குள்ளேயே சேர்த்துக்கொண்டன. என்னை அதிகம் ஈர்ப்பது 1984-ன் ஐபிஎம் ஏடி. பழைய புரோகிராம்கள் கெடாமல் இருக்க, இருபத்தோராவது முகவரிக் கம்பியான ஏ20-க்கு அதில் ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவின் சாவி விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லின் கையில் இருந்தது! அதைத் திறந்தால் ஒரு மெகாபைட்டுக்கு மேலே 65,520 பைட் கிடைக்கும். டாஸின் பெரும்பகுதியை அங்கே ஏற்றிவிட்டுக் கீழே இடம் பிடித்தார்கள்.

இவ்வளவையும் வாங்கியவர் தலையில் கட்ட முடியாது. அதனால் தொழில்நுட்ப உதவி என்பதே பெரும்பாலும் டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பை வரி வரியாக வாசிப்பதாக ஆனது. எந்த டிரைவர் முதலில் ஏற வேண்டும் என்பதுகூட முக்கியம். ஏறும்போது அதிக இடம் கேட்டு, ஏறியபின் சுருங்கும் டிரைவர்கள் உண்டு. வரிசை மாறினால் இடுக்கில் இடமில்லாமல் போகும். நெட்வொர்க் அட்டை வைத்திருக்கும் முகவரியில் மெமரி மேலாண்மை மென்பொருள் ரேமைப் பொருத்திவிட்டால் இயந்திரம் உறைந்து நிற்கும். 1993-ல் எம்எஸ்-டாஸ் 6-உடன் வந்த மெம்மேக்கர், வரிசைகளைத் தானே மாற்றிப் பார்த்துக் கணினியை மறுபடி மறுபடி தொடங்கியது. அது உதவிக்கு வந்தவர் கையால் செய்துவந்த வேலையின் பதிவு என்பதே என் கணிப்பு. இந்த மென்பொருள்களின் மூலத்தைச் சொல்லும்போது நிறுவனங்களோடு அந்த உதவியாளர்களையும் சேர்க்க வேண்டும்.

தமிழுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூடுதல். டாஸ் திரையின் எழுத்துக்கட்டம் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்தது. தமிழ் எழுத்தை மென்பொருளே புள்ளி புள்ளியாக வரைய வேண்டும், அதற்கான எழுத்துருவும் நிரலும் அதே 640-க்குள் உட்கார வேண்டும். ஐஐடி கான்பூரில் தொடங்கி, சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் அட்டை வேறு வழியில் போனது. எழுத்து வரையும் வேலையை அட்டை ஏற்றுக்கொண்டதால், டிபேஸ் போன்ற புரோகிராம்களில் இந்திய மொழிகளைக் கையாள முடிந்தது. விண்டோஸ் 95-க்குப் பிறகு இதெல்லாம் தேவையற்ற ஆராய்ச்சி என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அந்தக் காலத் தமிழ் மென்பொருளை இன்று டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர், அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால் எக்ஸ்எம்எஸ், இஎம்எஸ், யுஎம்பி என்று இதே மெமரி வித்தைகளின் பெயர் தாங்கிய மூன்று வரிகளைச் சந்தித்தே ஆக வேண்டும்.