கணினியில் உங்கள் பெயர் இல்லை என்று சொன்னோமே, அந்தத் தங்கைக்கு



இரண்டு கிழமையாக இரவில் பாடசாலைக் கணினி அறையில் ஏன் விளக்கு எரிகிறது என்று நாலந்தாச் சந்தியில் சிலர் கேட்டார்கள். விசயம் இதுதான்.

எங்கள் மாணவர் தரவுத்தளம் இத்தனை வருடமும் ஒரேயொரு கணினியில்தான் கிடந்தது. அது பழுதானால் எல்லாம் போச்சு. அதனால் அதன் அமைப்பு முழுவதையும் விஷுவல் ஸ்டூடியோவில் ஒரு டேட்டாபேஸ் புரொஜெக்ட் ஆக்கி வைப்போம் என்று இறங்கினோம். தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் நாங்கள் இருவர், கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், மொத்தம் மூன்று பேர். இறக்குமதி நன்றாகவே முடிந்தது. பில்ட் கொடுத்தோம். திரை சிவந்து போனது. 214 பிழைகள், எல்லாம் ஒரே மாதிரி: இந்த வியூ சுட்டும் பொருளைக் காணவில்லை.

"சேர், நேற்றுவரைக்கும் வேலை செஞ்ச சிஸ்டம் தானே, எப்படிப் பிழை வரும்?" என்றார் தம்பி. நியாயமான கேள்வி. சேர்வரில் ஓடும் தரவுத்தளம், ஒரு வியூவைக் கூப்பிடும் வரைக்கும் அது சுட்டும் அட்டவணை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஸ்டோர்ட் புரொசீஜர் என்றால், இல்லாத அட்டவணையின் பெயரைப் போட்டு எழுதினாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். புரொஜெக்ட் அப்படியல்ல. எழுதியிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் உரிய பொருள் தன் கையில் இருக்கிறதா என்று பில்ட் செய்யும்போதே பார்த்துவிடும்.

முக்கால்வாசிப் பிழை ஒரே காரணத்தால் வந்தது. பழைய குவெரிகளில் அட்டவணைப் பெயருக்கு முன்னால் எங்கள் தரவுத்தளத்தின் பெயரையே எழுதி வைத்திருந்தோம். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் புரொஜெக்ட் அதை வேறொரு தரவுத்தளம் என்றுதான் நினைக்கும். அந்த முன்பெயரை நீக்கினோம், 150க்கு மேல் ஒரேயடியாகப் போனது. நூலகத் தரவுத்தளம் உண்மையிலேயே வேறு. அதற்கு டாக்பாக் கோப்பு எடுத்து டேட்டாபேஸ் ரெஃபரன்ஸாகச் சேர்த்தோம். சிஸ்டம் வியூக்களைக் கேட்டவற்றுக்கு மாஸ்டர் ரெஃபரன்ஸ் போதுமாக இருந்தது.

புள்ளி அட்டவணை வேடிக்கையானது. அதில் ஒரு பிழை வந்தது என்று தம்பி முதல்நாளே அந்தக் கோப்பின் பில்ட் அக்ஷனை 'நன்' என்று மாற்றியிருந்தார். கோப்பு இருக்கிறது, ஆனால் பில்ட் அதைப் பார்க்காது. ஒரு பிழை மறைந்தது, அதை நம்பியிருந்த 30 வியூக்கள் அழத் தொடங்கின. திருப்பி மாற்றியதும் அடங்கின.

இரவு பதினொன்று. மிச்சம் ஒன்று.

"இதையும் நன் ஆக்கிட்டுப் போவோம் சேர், யாரும் பாவிக்காத வியூ தானே" என்றார் தம்பி. எங்களுக்கும் ஆசைதான். பெயரைப் பார்த்தோம். 2006 முதல் 2009 வரை விலகியவர்களின் விடுகைப் பத்திரத்துக்கான வியூ அது. அது சுட்டும் அட்டவணை புரொஜெக்டிலும் இல்லை, சேர்வரிலும் இல்லை.

அழித்தது நாங்கள்தான். 2019இல் "பழைய குப்பையைத் துப்புரவாக்குவோம்" என்று சில அட்டவணைகளை நீக்கினோம். அலுவலக மென்பொருளோ பிழை வந்தால் "பதிவு இல்லை" என்று மட்டும் காட்டும்.

அப்போதுதான் அந்தத் தங்கை ஞாபகத்துக்கு வந்தார். வெளிநாட்டு வேலைக்காக விடுகைப் பத்திரம் கேட்டு நாவுலையிலிருந்து கைக்குழந்தையோடு இரண்டு தரம் வந்தவர். கணினியைப் பார்த்துவிட்டு இரண்டு தரமும் நாங்கள்தான் சொன்னோம்: "உங்க பெயர் இதில இல்லையே. இங்கதான் படிச்சீங்களா?" அவர் ஒன்றும் பேசாமல் போனார்.

எங்கள் ஊர்க் கெடிகேயை எல்லோருக்கும் தெரியும். போவதென்ன நீர்த்தேக்கத்துக்காக 1975இல் கல் கல்லாகக் கழற்றி, 1980இல் மேட்டில் திரும்பக் கட்டினார்கள். ஆயிரம் வருடத்துக் கல்லைப் பத்திரமாக இடம் மாற்றிய ஊரில், பத்து வருடத்துப் பெயர்களை நாங்கள் தொலைத்துவிட்டோம்.

இரும்பு அலுமாரியில் கையெழுத்து அனுமதிப் பதிவேடு இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். அட்டவணையைப் புரொஜெக்டில் மறுபடி எழுதி, இரவு இரவாக 183 பெயர்களையும் சேர்விலக்கத்தோடு தட்டெழுதினோம். அந்தத் தங்கையின் பெயர் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. பத்திரத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டோம். தேத்தண்ணி தந்தார். வேலைக்கான திகதி போன மாதமே முடிந்துவிட்டதாம்.

பதிவேட்டில் ஒரு பக்கம் தண்ணீர் பட்டு நான்கு பெயர்கள் வாசிக்க முடியவில்லை. 2008இல் எங்கள் பாடசாலையிலிருந்து விலகியவர்கள் இதைப் பார்த்தால் பிறப்புச் சான்றிதழோடு ஒரு நடை வாருங்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். பின்னேரம் ஆறு மணி வரைக்கும் இருப்போம்.