உண்ணி பார்க்கிற மாதங்கள்

ஐப்பசி 12

அடைமழை விட்டு இன்றுதான் வெயில் வந்தது. எங்கள் நாய் கருவாயனைத் திண்ணையில் படுக்க வைத்து உண்ணி பார்த்தேன். காதுமடலின் உட்பக்கம், கழுத்துக் கயிறு அழுந்தும் இடம், கால்விரல் இடுக்கு, தொடைச் சந்து, வாலடி. தேட வேண்டிய இடங்கள் இவை. முதுகை மட்டும் தடவிவிட்டு எழுந்து போகிறவர்கள் கையில் உண்ணி அகப்படுவதே இல்லை.

முன்காலின் விரல்களை விரித்தால், நடுச் சவ்வில் ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்துக் கொட்டமுத்துப் போல உப்பி, சாம்பல் நிறத்தில் தொங்குகிறது. அதை ஒட்டியே செம்பழுப்பாய், தட்டையாய், ஆண் உண்ணி. பெண்ணின் வாய் தோலுக்குள் இருக்கிறது. அந்த வாயில் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு; எச்சிலில் ஒரு பசையும் சுரந்து, கடித்த இடத்தில் கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது. வலி தெரியாமல் செய்வதற்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் வேண்டிய பொருள்களும் அந்த எச்சிலிலேயே இருக்கின்றன. அதனால்தான் உடம்பெல்லாம் உண்ணியை வைத்துக்கொண்டு நாய் சும்மா படுத்திருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து அப்பச்சி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்து நாய்க்கு உண்ணி இல்லாமயா இருக்கும் அம்மிணி? குடிச்சு முடிச்சா அதுவே விழுந்துரும்" என்றார். இந்தப் பேச்சைக் காங்கேயம் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் ஆறுவதில்லை. விடிய விடியப் பட்டியைக் காக்கிற உயிர் அது. அதன் ரத்தம் போவதைப் பார்த்துக்கொண்டு இயற்கை என்று சொல்லிவிட எனக்கு வாய் வராது. அவர் சொன்னதில் ஒன்று உண்மை, விழத்தான் செய்யும். விழுந்து எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஐப்பசி 27

கருவாயன் சோற்றைத் தொடவில்லை. காலையில் மூக்கில் ரத்தம். உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. சூட்டினால் வந்த ரத்தம், மோர் ஊற்றுங்கள் என்றார்கள் சுற்றி நின்றவர்கள். வண்டி வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எர்லிக்கியா என்றார். நாய் உண்ணி பரப்புகிற பாக்டீரியா. வெள்ளை அணுக்களுக்குள் குடியிருக்கும். தட்டணுக்கள் குறைந்துபோவதால் மூக்கில் ரத்தம் வருகிறது. டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம், நாய் எழுந்து ஓட ஆரம்பித்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. கவனிக்காமல் விட்டால் நோய் மாதக்கணக்கில் உள்ளேயே பதுங்கிக் கிடந்து எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும். இதே உண்ணி பேபீசியா என்ற ஒட்டுண்ணியையும் கொண்டுவரும், அது சிவப்பணுக்களை உடைக்கும் என்று அதற்கும் சேர்த்துப் பார்த்தார். நல்லவேளை, அது இல்லை.

எத்தனை தோட்டத்து நாய்கள் "திடீர்னு செத்துப்போச்சு" என்ற ஒரு வரியோடு மண்ணுக்குள் போயிருக்கும் என்று வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

கார்த்திகை 8

கருவாயன் கஞ்சி குடிக்கிறான். இன்று அவனை விட்டுவிட்டு அவன் படுக்கிற இடத்தைப் பார்த்தேன்.

நாய் உண்ணி முட்டையிலிருந்து வரும்போது ஆறு காலோடு, கடுகை விடச் சிறியதாக இருக்கும். நாய்மேல் ஏறிச் சில நாள் குடித்துவிட்டுக் கீழே இறங்கும். தோலுரித்து எட்டுக் காலோடு மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும். மூன்றாவது முறை ஏறுவதுதான் நம் கண்ணில் படுகிற உண்ணி. பெண் கடைசியாக இறங்கியதும் சுவரில் மேலே ஏறி வெடிப்பிலோ ஓட்டுக்கடியிலோ நுழைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். வளர்ந்த உண்ணி ஒன்றும் கிடைக்காமலே ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். ஆக, நாய்மேல் இருப்பது கொஞ்சம்; மிச்சம் எல்லாம் சுவரிலும் தரையிலும் இருக்கிறது. நாயை மட்டும் குளிப்பாட்டி அனுப்புகிற வரை இது தீரவே தீராது.

எங்கள் தோட்டத்து வீடான சாளையின் மண்சுவரில் டார்ச் அடித்தேன். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் பழுப்புத் துகள்கள் கொத்தாக ஒட்டியிருந்தன. விளக்குமாற்றுக் குச்சியை விட்டு நெம்பியதும் துகள்கள் கால் முளைத்து நகர ஆரம்பித்தன. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு பின்னால் போனார். "இத்தனையும் நம்ம கூடவா குடியிருந்துச்சு!"

மாலைக்குள் அவன் படுத்த சாக்கை எரித்தாயிற்று. வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு, கட்டிலின் கால் பொருத்து, ஓட்டுக்கடி, இங்கெல்லாம் மருத்துவர் எழுதிக்கொடுத்த டெல்டாமெத்ரின் கரைசல், சொன்ன அளவில். முட்டைக்குள் இருப்பவை மருந்துக்குத் தப்பிவிடுமாம். அவை பொரிந்து வரும்போது திரும்பவும் அடிக்க வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

நாய்க்கு உண்ணி மாத்திரையும் மருத்துவர் கொடுத்திருக்கிறார். கடித்து ரத்தம் குடிக்கிற உண்ணி அதனாலேயே சாகும். மாத்திரையைப் பொறுத்து ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை காப்பு. விலை கூடத்தான். நோய் வந்த பிறகு ஆகிற செலவை எண்ணினால் கூட இல்லை. வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டு அவர் எச்சரித்ததையும் எழுதி வைக்க வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருக்கிற பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மருந்து போட்ட நாயோடு உரசிப் படுத்தாலே ஆபத்து. கடைக்காரர் சொல்கிறார் என்று எதையும் வாங்கித் தடவக் கூடாது.

கார்த்திகை 19

கோயமுத்தூரிலிருந்து நாத்தனாரும் மகனும் வந்திருக்கிறார்கள். பையன் நாளெல்லாம் ஆட்டுக்குட்டிகளோடு கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் புரண்டான். இரவு தலைவாரும்போது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மச்சம் என்றுதான் அவன் அம்மா நினைத்தாள்.

உடனே ஆளுக்கொரு வைத்தியம். அத்தை சுண்ணாம்பு எடுத்துவரப் போனார். ஒருவர் மண்ணெண்ணெய், ஒருவர் அணைத்த தீக்குச்சி. "எதுவும் வேண்டாமுங்க அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெயும் சுண்ணாம்பும் வேலை செய்யக் காத்திருக்கிற நேரமெல்லாம் உண்ணி கடித்தபடியேதான் இருக்கும். சூடு வைத்தால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கலாம். நோய்க்கிருமி உள்ளே போக நாமே வழி செய்து கொடுத்தது போலாகும்.

புருவம் எடுக்கிற ட்வீசர் போதும். உப்பிய வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டினாற்போல் வாய்ப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்காமல், திருகாமல், ஒரே சீராக மேலே தூக்க வேண்டும். தோல் சின்னக் கூடாரமாய் எழும்பியது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு விட்டது. பையன் "அவ்வளவுதானா?" என்றான். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். உண்ணியைச் செல்லோ டேப்பில் ஒட்டித் தேதி எழுதிச் சின்ன டப்பியில் போட்டேன்; நகத்தால் நசுக்கக் கூடாது, அதன் உள்ளே இருப்பது விரல் கீறலில் படலாம். பிறகு அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு, இடுப்பு நாடா இறுகும் இடம் எல்லாம் பார்த்தோம். வேறு இல்லை.

இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, உள்ளங்கை உள்ளங்காலில் சிவப்புத் தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததைத்தான் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நாத்தனாரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். ரிக்கெட்சியா கிருமி தருகிற உண்ணி டைபஸ் நம் நாட்டில் இருக்கிறது. கேட்கிற கேள்வியில்தான் அது பிடிபடும்.

மார்கழி 10

ஊருக்குள் காய்ச்சல். களை எடுக்கப் போன அக்கா ஒருவருக்கு ஒரு வாரமாக விடாத காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெண் மருத்துவர் ஒருவர் உடம்பு முழுவதும் தேடி அக்குளில் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்தாராம். ஸ்க்ரப் டைபஸ். இதைப் பரப்புவது நாய்மேல் பார்க்கிற உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. மழை முடிந்து குளிர் தொடங்கும் இந்த மாதங்களில்தான் நம் பக்கம் அதிகம். நேரத்தில் டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்தால் சீக்கிரமே குணம் தெரியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். அந்தப் பொருக்கு வலிக்காது, மறைவான இடத்தில் இருக்கும், பெண்கள் காட்டக் கூச்சப்படுவார்கள். உடையை விலக்கிப் பார்க்கப் பொறுமை உள்ள மருத்துவர் கிடைத்தது அந்த அக்காவின் பாக்கியம்.

தை 2

மாட்டுப் பொங்கல். காங்கேயம் மாடான மயிலையையும் ஜெர்சிக் கலப்பையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் குளிப்பாட்டினேன். இரண்டும் ஒரே காட்டில் மேய்கின்றன, ஒரே கட்டுத்தரையில் நிற்கின்றன. மயிலையின் தோல் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது, வால் ஓயவில்லை, நாக்கு எட்டுகிற இடமெல்லாம் நக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். ஜெர்சியின் மடிக்கும் தொடைக்கும் நடுவில் உண்ணி வரிசை கட்டியிருக்கிறது. மயிலையிடம் இருப்பது காங்கேயம் மாட்டுக்குப் பரம்பரையாக வந்த தாங்கும் திறன். பாலின் அளவை மட்டும் பார்த்து மாடு மாற்றியபோது இந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

மாட்டு உண்ணி நாய் உண்ணியைப் போல ஏறி இறங்குவதில்லை. குஞ்சாக ஏறினால் மூன்று வாரம் போல அதே மாட்டிலேயே வளர்ந்து, பெண் உண்ணி புல்லில் விழுந்து முட்டையிடும். அப்பச்சி வீட்டு ஜெர்சி போன வருஷம் ரத்த மூத்திரம் போய்ப் படுத்தது இதனால் வந்த பேபீசியாவில்தான். டிமினசீன் ஊசி உரிய நேரத்தில் கிடைத்ததால் பிழைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்று அஞ்சிய நோய் இதுவே. அதை உண்ணி பரப்புகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் எழுதினார்கள். மலேரியாவில் கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் கண்டது 1897-இல். பூச்சியினமும் உண்ணியினமும் பாலூட்டிகளுக்கு நோய் கொண்டுவரும் என்று உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டது முதலில் மாட்டிடமிருந்து. தாய் உண்ணி குடித்த கிருமி முட்டை வழியே குஞ்சுக்கும் போகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். எனக்கு இந்தச் செய்தி படித்த நாள் முதல் பெரிய வியப்பு.

கறக்கிற மாட்டுக்குக் கண்ட ஊசியும் போட முடியாது. ஐவர்மெக்டின் பாலில் இறங்கும். ஒரே மருந்தை அளவு குறைத்து அடிக்கடி அடித்துவந்தால் உண்ணி அதற்குப் பழகிவிடுகிறது. அதனால் முதலில் வேப்பிலை, வேப்பங்கொட்டை, பூண்டு, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் அரைத்துக் கரைத்து வடிகட்டி வாரம் ஒருமுறை தெளிக்கிறேன். கால்நடைப் பல்கலைக்கழகம் சார்ந்தவர்கள் மரபு மருத்துவத்தில் பரிந்துரைக்கிற சேர்மானம் இது. கொஞ்சமாக இருக்கும்போது கேட்கிறது. மிஞ்சிப்போனால் மருத்துவர்தான்.

குளிப்பாட்டி முடித்ததும் உண்ணிக்கொக்குகள் வந்துவிட்டன.

மாசி 15

கூடலூரில் கட்டிக்கொடுத்த சித்தி மகள் போன் செய்தாள். காட்டோரம் குரங்கு ஒன்று செத்துக் கிடந்ததாம், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடினார்களாம். பதறிவிட்டேன். 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்த பிறகுதான் மனிதர்களுக்குக் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வந்தது தெரிந்தது. உண்ணி பரப்புகிற வைரஸ். 2012 முதல் பந்திப்பூர், முதுமலை, வயநாடு என்று நீலகிரியைச் சுற்றியும் தென்பட்டிருக்கிறது. குரங்கு செத்ததும் அதன் உடம்பில் இருந்த உண்ணியெல்லாம் இறங்கி அடுத்த உடம்பைத் தேடும். தொடாதே, கிட்டேயும் போகாதே, வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல், சருகு அள்ளப் போகிறவர்கள் முழுக்கை, முழுக்கால் உடையில் போகட்டும், திரும்பியதும் துணியை வெந்நீரில் போடட்டும் என்றேன். வனத்துறைக்கு அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

பங்குனி 6

கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து நிற்கிறது. கிளுவை வேலி போட்டு, காட்டைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து ஒன்றைச் சும்மா விடுகிற வழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. புல் தழைய விடுவதற்கான ஏற்பாடு அது. உண்ணிக்கும் அதுவே மருந்து. புல் நுனியில் ஏறி முன்காலை நீட்டிக்கொண்டு மாட்டின் மூச்சுக்கும் சூட்டுக்கும் காத்திருக்கிற குஞ்சு, மாடே வராவிட்டால் பட்டினியில் சாகும். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம் காய்ந்துபோகும். ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணைகளில் மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு கொடுத்து உண்ணியைக் குறைக்கிற முறையைப் படித்தபோது நம் கொறங்காடுதான் நினைவுக்கு வந்தது. இப்போது பலர் வேலியைப் பிரித்துவிட்டு எல்லா மாட்டையும் எல்லா இடத்திலும் விடுகிறார்கள். அது நல்லதில்லை என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்குப் பத்தியை அடைத்துவிட்டோம். அடுத்த மழை வரை திறப்பதில்லை. மாடுகளை மேற்குப் பக்கம் மாற்றும் முன் ஒருமுறை உண்ணி நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே கொண்டுபோய் விதைத்ததாகிவிடும். அப்பச்சியிடம் பேசினேன். வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்யாவிட்டால் பயனில்லை என்றதும் யோசித்தார். "செரி அம்மிணி, எங்க நாயையும் ஒருக்கா பார்த்துக் குடு" என்றார். சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள். பம்ப் அவர் கொண்டுவருகிறார்.