வகுப்பறையில் ஒலித்த பறை

நுழையும்முன்

ஏட்டில் இருப்பது மட்டுமே கல்வியன்று. ஊரில் வாழும் கலைஞர்களின் கைகளிலும் காதுகளிலும் தலைமுறைகள் சேர்த்த அறிவு உறைந்திருக்கிறது. அவர்களை ஆசிரியராக வகுப்பறைக்குள் அழைக்கும்போது பாடம் விரிகிறது; பார்வையும் மாறுகிறது.

குனிந்த தலை

பதினோராம் வகுப்பின் இயற்பியல் பாடவேளை. கரும்பலகையில் இழுவிசை, அதிர்வெண் என்னும் இரு சொற்களை எழுதிவிட்டு ஆசிரியர் வாயிலை நோக்குகிறார். தோளில் பறையைத் தாங்கியபடி முதியவர் ஒருவர் உள்ளே வருகிறார். அந்த ஊரில் அவரை அறியாதவர் இல்லை; ஆனால், பள்ளிக்குள் அவர் அழைக்கப்படுவது அதுவே முதன்முறை. “இன்று நமக்குப் பாடம் நடத்த வந்திருக்கும் ஆசான்” என்று ஆசிரியர் அறிமுகம் செய்கிறார். மாணவர்கள் எழுந்து வணங்குகின்றனர். கடைசி வரிசை மாணவன் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறான். வந்திருப்பவர் அவனுடைய பெரியப்பா.

அந்தத் தலைகுனிவு ஒரு மாணவனுடையது மட்டுமன்று. அதன் பின்னே நெடிய வரலாறு இருக்கிறது. ஐவகை நிலங்களின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தவர் தொல்காப்பியர். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனத் தொழிலுக்கேற்ற பறைகள் அன்று முழங்கின. பறைதல் என்றாலே சொல்லுதல் என்று பொருள். அரசனின் ஆணையும் ஊரின் செய்தியும் பறையறைந்தே மக்களை அடைந்தன. பிற்காலத்தில் சாவு வீட்டில் பறை அடிப்பது ஒரு பிரிவினரின் மீது சுமத்தப்பட்ட கடமையாயிற்று. கருவியும் இழிவாகக் கருதப்பட்டது. அதை இசைத்தவர்களும் ஒதுக்கப்பட்டனர். ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இந்த மக்களின் பெயரிலிருந்தே பிறந்தது.

இந்த இழிவை எதிர்த்தவர்கள் இரு வழிகளில் சென்றனர். ‘இது அடிமையின் அடையாளம், இனித் தொடமாட்டோம்’ எனப் பறையைக் கீழே வைத்தவர்கள் உண்டு. ‘இது எங்கள் கலை; தலைநிமிர்ந்து இசைப்போம்’ என மீண்டும் எடுத்தவர்களும் உண்டு. இரு முடிவுகளும் தன்மதிப்பிலிருந்தே பிறந்தவை. ஆண்களுக்குரியதாகக் கருதப்பட்ட பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் கையிலேந்தி மேடையேறினர். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தோலும் நெருப்பும்

வகுப்பு வேப்பமரத்தடிக்கு இடம்பெயர்கிறது. ஆசான் பறையை ஒருமுறை அடித்துக் காட்டுகிறார். ஒலி மந்தமாக எழுகிறது. வைக்கோலையும் சருகையும் கூட்டித் தீ மூட்டுகிறார். பறையைத் தீயருகே காட்டிச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சுகிறார். மீண்டும் அடிக்கும்போது ஒலி கணீரென்று எழுந்து பள்ளிச்சுவரில் மோதித் திரும்புகிறது.

“காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய தோல் தளர்ந்திருந்தது. சூடு ஈரத்தைப் போக்கியது, தோல் இறுகியது. இழுவிசை கூடியதால் அதிர்வெண்ணும் கூடியது” என்று ஆசிரியர் விளக்குகிறார்.

“எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், ஐயா?” என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

“அதற்குக் கணக்கு இல்லையம்மா. மழைக்காலத்தில் கூடுதலாகக் காய வேண்டும். வெயில் காலத்தில் சீக்கிரம் போதும். அளவு மீறினால் தோல் வெடித்துவிடும். விரலால் தட்டிப் பார்ப்பேன், காது சொல்லிவிடும்.”

கருவிகள் அளக்கும் அதிர்வெண்ணை ஒரு மனிதரின் காது அளந்து வந்திருப்பதை மாணவர்கள் உணர்கின்றனர்.

யார் கையில் குச்சி?

இனி மாணவர்கள் இசைத்துப் பார்க்க வேண்டும். முதலில் யாரை அழைப்பது? ‘உன் வீட்டுக் கலைதானே, நீ வா’ என்று கடைசி வரிசை மாணவனை அழைப்பது எளிது. அது பாராட்டுப்போலத் தோன்றும். ஆனால், பிறப்பைச் சொல்லிக் கையில் பறையைக் கொடுத்த பழைய வழக்கமே வகுப்பறையிலும் தொடர்ந்ததாகிவிடும். அதை அறிந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாரையும் அழைக்கிறார். பறை அனைவருக்கும் பொதுவான பாடமாகிறது.

முதலில் வந்த மாணவன் குச்சிகளைக் கை மாற்றிப் பிடிக்கிறான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் எழுகிறது: “தடித்தது அடிகுச்சி, அது வலக்கையில் இருக்க வேண்டும். மெல்லிய நீளக்குச்சி சுண்டுகுச்சி; அது இடக்கைக்கு.” எல்லாரும் திரும்பிப் பார்க்கின்றனர். குனிந்திருந்த தலை இப்போது நிமிர்ந்திருக்கிறது. ஆசான் புன்னகைக்கிறார்; உறவு எதையும் சொல்லவில்லை.

விழாவும் பாடமும்

இசை, நடனம், காட்சிக்கலை, நாடகம் ஆகிய நான்கும் பள்ளிக்கல்வியில் இடம்பெற வேண்டும் என 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வலியுறுத்தியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடைபெறுகிறது. விழா மேடை தருகிறது. ஆனால், அது சில நாள்களில் முடிந்துவிடும். பாடம் ஆண்டு முழுவதும் தொடர்வது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை கூறும் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் கொண்ட அரங்கை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு அளக்கலாம். இலக்கியமும் கணக்கும் அங்கே ஒன்றுசேரும். கட்டியங்காரன் திரைக்கு முன் வந்து பேசும் முறையைத் தெருக்கூத்துக் கலைஞரே கற்பித்தால் நாடகப் பாடம் உயிர்பெறும்.

கலைஞரை அழைப்பவர்கள் ஒன்றை மறத்தல் ஆகாது. அவர் காட்சிப்பொருள் அல்லர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் உழைப்பாளி. பொன்னாடையோடு உரிய ஊதியமும், கைதட்டலோடு கேள்விகளும் அவருக்குக் கிடைக்க வேண்டும். கேள்வி கேட்பதே ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை.

பாடவேளை முடிந்ததை மணி அறிவிக்கிறது. பறையை வாயில்வரை சுமந்து செல்பவன் அந்தக் கடைசி வரிசை மாணவன். எதிரே வந்த இளைய வகுப்பு மாணவன் ஒருவன், “யார் அண்ணா இவர்?” என்று கேட்கிறான்.

“எங்களுக்கு இயற்பியல் நடத்திய ஆசான்” என்கிறான் அவன். சற்றே நின்று, “என் பெரியப்பா” என்கிறான்.