கேம் செய்யும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேம் விளையாடுவதைத் தாண்டி கேம் செய்யவும் தொடங்கிவிட்டார்கள், மாஷா அல்லாஹ். தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிற எங்களிடம் இப்போது வருகிற கேள்விகளும் வேறு மாதிரி. "சேர், கிளித்தட்ட வெச்சி கேம் செஞ்சா யாரும் வழக்குப் போடுவாங்களா?"

போட மாட்டார்கள். விளையாட்டின் விதி வெறும் எண்ணம். எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்றுதான் நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் சொல்கிறது. எழுதிய கோடுக்கும் வரைந்த படத்துக்கும் போட்ட இசைக்கும்தான் பாதுகாப்பு. அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை, உருவாக்கியவுடனே உரிமை வந்துவிடும். (பத்து செக்கன் சினிமாப் பாட்டுப் போட்டால் பரவாயில்லை என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை. அப்படி ஒரு கணக்குச் சட்டத்தில் கிடையாது.)

எல்லை எது என்று கேட்டால் டெட்ரிஸ் வழக்கைச் சொல்வோம். 'மினோ' என்று ஐபோனுக்கு கேம் செய்த எக்ஸியோ நிறுவனம், விதியைத்தான் எடுத்தோம் என்று வாதாடியது. 2012இல் நியூ ஜேர்சி பெடரல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டை விழுவதும் வரிசை நிரம்பினால் மறைவதும் விதி. அதை எவரும் எடுக்கலாம். கட்டைகளின் தோற்றத்தையும் 10க்கு 20 என்ற கட்டத்தையும் அப்படியே தூக்கியதுதான் பிழை என்றது.

ஆனால் பிள்ளைகள் பிறர் சொத்தை எடுப்பதைவிட, தங்கள் சொத்தைக் கொடுத்துவிட்டு வருவதுதான் எங்களுக்குப் பயம். அதே டெட்ரிஸை 1980களில் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞான அக்கடமியில் வேலை பார்த்தபடி செய்தவர் அலெக்ஸி பஜித்னோவ். உரிமத்தை விற்றது எலோர்க் என்ற அரச நிறுவனம். 1989இல் நின்டெண்டோவின் கேம் போயோடு அது உலகம் சுற்றியது. அவருக்கு ரோயல்டி வரத் தொடங்கியது 1996இல்தான்.

சோவியத் என்பதால் அப்படி என்று நினைக்க வேண்டாம். வேலையின் பகுதியாகச் செய்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் முதலாளிக்கே என்று நமது சட்டத்திலும் இருக்கிறது. கொழும்புக் கம்பனிகளில் சேரும் எங்கள் மாணவர்கள் நியமனக் கடிதத்தில் சம்பளத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

கிளித்தட்டு கேம் செய்த மூன்று பேருக்கு இப்போது ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு கடதாசி அனுப்பியிருக்கிறார். ஒரு தொகை, அதற்குப் பதிலாகச் சகல உரிமையும், இனி வரப்போகும் பாகங்களும் உட்பட. தொகையைப் பார்த்து ஒருவனின் வாப்பாவுக்குச் சந்தோஷம். விற்பது வேறு, குறித்த காலத்துக்குப் பாவிக்க அனுமதி கொடுப்பது வேறு, சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் ஒப்பம் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

அதைவிட அவசரமான கடதாசி ஒன்று இருக்கிறது. கோட் ஒருவனுடையது, படம் ஒருவனுடையது, இசை மற்றவனுடையது. யாருக்கு எத்தனை பங்கு என்று மூவரும் பேசிக்கொள்ளவே இல்லை. இசை போட்டவனுக்கு அடுத்த மாதம் கட்டார் பயணம். கொப்பித் தாளில் எழுதினாலும் போதும், திகதியும் மூன்று பேரின் ஒப்பமும் இருக்கட்டும்.